நண்டுக்கு விரிச்ச பேப்பர்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அது ஒரு காலு ஆடும், போன வாரம்தான் பாஸ்டர் அதுலேர்ந்து விழுந்தாரு. இதுல உக்காருங்க. ஐஸ் டீ குடிப்பீங்கல்ல? விசாரணைக்கு வந்த எடத்துல எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்வாரு. வெறும் டீதான், லஞ்சம்னு எழுதிடாதீங்க.

சரி, என்ன கேட்டீங்க? அன்னிக்கு மேசையில அந்தப் பேப்பர விரிச்சது யாருன்னு. சொல்றேன், சொல்லாம எங்க போகப்போறேன். எங்க வீட்டுக்காரர் வெண்டல் இப்ப வீட்ல இல்ல, வெளிய போயிருக்காரு. நீங்க முதல்ல என்கிட்ட வந்ததே நல்லதாப் போச்சு. அவர்கிட்ட நேத்து மழை பேஞ்சுதான்னு கேட்டாக்கூட மேலதிகாரியக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்வாரு.

உங்களுக்கு எந்த ஊரு? ஒஹையோவா. அதான பாத்தேன். நண்டுக்கு எதுக்குங்க பேப்பர்னு வாசல்லயே கேட்டீங்களே, மேரிலாண்டுக்காரன் எவனும் அப்படிக் கேக்க மாட்டான். இங்க ஆகஸ்ட் வந்துட்டா நல்லது கெட்டது எல்லாத்துக்கும் நண்டுதான். கூடை கூடையா வாங்கி, கார மசாலாவ மேல அள்ளி அப்பி, ஆவியில வேகவெச்சு, மேசை மேல அப்படியே கொட்டிடுவோம். தட்டு கிண்ணமெல்லாம் கெடையாது. ஆளுக்கொரு மரச் சுத்தியல். அடிச்சு ஒடச்சு தின்னுட்டு, ஓட்டையும் பேப்பரையும் ஒண்ணாச் சுருட்டிக் குப்பையில போட்டுட்டா வேலை முடிஞ்சுது. பேப்பர் விரிக்காம நண்டு போட்டேன்னு வைங்க, எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவாரு.

ஆங், அந்தப் பழுப்புத் தாள் உருளை. கராஜ்ல பாத்துட்டீங்களா? கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. ஆமா, இப்பல்லாம் நாகரிகமா இருக்கறவங்க அதத்தான் விரிக்கிறாங்க. நானும் வாங்கி வெச்சேன். அன்னிக்கு எடுக்கல. ஏன் எடுக்கலன்னு சொல்றேன், அவசரப்படாதீங்க. உங்களுக்கு வேற எங்கயாவது போகணுமா? இல்லல்ல? அப்புறம் என்ன.

விருந்து எதுக்குன்னா, வெண்டலுக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட். முப்பது வருஷ வேலை. என்ன வேலைன்னு கேக்காதீங்க, நானே கேட்டதில்ல. கல்யாணமான புதுசுல ஒருதடவ கேட்டேன். அரசாங்க வேலை, அர்லீன், அப்படின்னாரு. என்ன பண்ணுவீங்கன்னேன். உக்காந்துருப்பேன்னாரு. அத்தோட விட்டுட்டேன். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அதே கதைதான். காலையில ஏழு மணிக்கு எல்லாக் காரும் ஒரே வரிசையில கிளம்பும், ஒரே ரோட்டுல திரும்பும், ஒரே கேட்டுக்குள்ள போகும். சாயங்காலம் வேலிக்கு வேலி நின்னு, உங்களுக்கு எங்க சார் வேலைன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவாங்க. அரசாங்கத்துலன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டு புல்லு வெட்டப் போயிடுவாங்க.

அன்னிக்கு வந்தவங்க அவரோட செக்‌ஷன் ஆளுங்க மொத்தமும். பெரிய அதிகாரி ஹாலிஸ். ரகசியம் வெளிய போகாமப் பாத்துக்கறதுக்குன்னே ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்களே, கிரெட்டா, அவங்க. உங்கள அனுப்பினதே அவங்கதான? பாவம், கண்ணு சரியாயிடுச்சா அவங்களுக்கு? அப்புறம் பக்கத்து வீட்டு பல் டாக்டர் அமோஸ். ரகசியம் பாக்க அனுமதி இல்லாத ஆளுங்க அந்த மேசையில ரெண்டே பேருதான், அவரும் நானும்.

அந்த உத்தரவு வந்த நாள்லேர்ந்து இந்த ஊரு பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது தம்பி. உள்ள வேலை பாத்த ஒரு பொண்ணு, ஏதோ மொழிபெயர்க்கிற வேலையாம், உள்ள இருந்த ரகசியத்தையெல்லாம் பத்திரிகைக்காரங்க கையில குடுத்துட்டு இப்ப ஜெயில்ல உக்காந்திருக்கு. நாடு முழுக்க அதே பேச்சு. நம்ம ஜனங்க பேசற போனையே நம்ம ஆளுங்க ஒட்டுக் கேக்கறாங்களான்னு. வெண்டல் ஆபீஸ்ல என்ன பண்ணாங்க? பேப்பர்ல வந்துட்டாலும் ரகசியம் ரகசியம்தான், அனுமதி வாங்கின ஊழியர் யாரும் அதப் படிக்கக் கூடாது, பாக்கக் கூடாது, யாராவது சொன்னா காதுல வாங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க. தப்பித் தவறி கண்ணுல பட்டுட்டா தானா வந்து ஒப்புக்கணுமாம். ஊரு ஒலகத்துல எல்லாரும் படிக்கலாம். அந்த வேலையப் பாக்கறவன் மட்டும் படிக்கக் கூடாது.

நீங்க சிரிக்கல. சிரிக்கவும் கூடாதோ என்னவோ.

வெண்டல் அன்னிக்கே வீட்டுக்குப் பேப்பர் போடறத நிறுத்திட்டாரு. டிவியில செய்தி வந்தா எந்திரிச்சு கராஜுக்குப் போயிடுவாரு. வானிலை சொல்றப்ப நான் போய்க் கூட்டிட்டு வரணும். ஒருநாள் மறந்துட்டேன். மனுஷன் சாப்பாடு வரைக்கும் அங்கயே திருகாணியெல்லாம் ரகம் பிரிச்சுட்டு நின்னாரு. மளிகைக் கடையில பேப்பர் அடுக்கியிருக்கற பக்கமா வரிசை நின்னா, முதுகக் காட்டிக்கிட்டுப் பின்பக்கமாவே நடந்து போவாரு. அங்க அந்தப் பக்கம் பாத்தா எங்க தெரு ஆளுங்க பாதிப் பேரு அதே மாதிரி பின்பக்கமாவே நடந்துட்டிருப்பாங்க. ஒருத்தர ஒருத்தர் முதுகுல முட்டிக்கிட்டு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிக்குவாங்க.

சர்ச்சுல ஒருநாள் பாஸ்டர் அந்த ஜெயில்ல இருக்கற பொண்ணுக்காக ஜெபம் பண்ணலாம்னாரு. அவ்வளவுதான், முன் வரிசையிலேர்ந்து ஏழெட்டு பெஞ்சு எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. பாஸ்டர் தன் பிரசங்கம்தான் மோசமாப் போயிடுச்சுன்னு நெனச்சு, அந்த வாரம் பூரா அழுதாரு. அந்த வருத்தத்த ஆத்திக்கத்தான் இங்க வந்து அந்த ஆடற நாற்காலியில உக்காந்தாரு.

லைப்ரரியில ஒரு விவாதக் கூட்டம் போட்டாங்க. ஒட்டுக் கேக்கறது சரியா தப்பான்னு. நான் போனேன். எனக்கென்ன தடை? மேடையில நாலு பேரு கத்தறாங்க. ஒருத்தர் வாழ்நாள்ல காலேஜத் தாண்டாதவரு, இன்னொருத்தர் காரு விக்கறவரு. அந்த வேலையப் பத்தி ஒருத்தருக்கும் ஒரு எழவும் தெரியாது. தெரிஞ்ச ஆளுங்க அத்தனை பேரும் வெளிய பார்க்கிங்ல கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, பொண்டாட்டி எப்ப வருவான்னு கார்ல உக்காந்திருக்காங்க. உள்ள எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அந்தப் பொண்ணு மேலதிகாரிகிட்ட முறையாச் சொல்லியிருக்கலாமே, எதுக்குப் பத்திரிகைக்குப் போகணும்னு. நல்ல கேள்விதான். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வர்ற வழியில அதையேதான் வெண்டலும் சொன்னாரு. கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு அவரு கேக்கல, கேக்க மாட்டாரு. தானா சொன்னாரு. முறைன்னு ஒண்ணு இருக்கு அர்லீன், முறையாப் போனா கேக்கறாங்க, எனக்குத் தெரியும்னாரு. எனக்குத் தெரியும்னு சொன்னப்ப அவரு மூஞ்சியில ஒரு நிம்மதி இருந்துச்சு தம்பி. அது எனக்கு எப்படிப் பொறுக்கும்?

ஏன் பொறுக்கலன்னா... இருங்க, எலுமிச்சை வேணுமா டீயில? வேணாமா. சரி.

நான் அதுக்குள்ள பேப்பர் படிச்சிருந்தேன். எங்கேர்ந்தா? பெட்ரோல் பங்க்ல போட்டிருக்கான், சில்லறைக் காசு குடுத்தா ரகசியத்த மடிச்சுக் கையில குடுக்கறான், கூடவே கூப்பன் வேற. என் வீட்டுக்காரரு முப்பது வருஷமா என்ன வேலை பாத்தாருன்னு எனக்கு அதப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. படம் போட்டு அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தான். இந்த வீட்ல அனுமதி இருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது, அனுமதி இல்லாத எனக்கு எல்லாம் தெரியும். அவர்கிட்ட சொல்லவும் முடியாது. சொன்னா அவரு போய் ஒப்புக்கணும், பொண்டாட்டி சொன்னான்னு. சொல்லாம இருக்க மாட்டாரு, எனக்குத் தெரியாதா.

விருந்துக்கு வர்றேன், வர்றேன். அதுக்குத்தான வந்திருக்கீங்க.

நண்டு வந்துச்சு, கொட்டினேன், எல்லாரும் சுத்தியல எடுத்தாங்க. ஹாலிஸ் எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசினாரு. வெண்டல் மாதிரி ஆளு கெடைக்காது, அவருக்குப் பதக்கம் குடுக்கப் போறோம், எதுக்குன்னு சொல்ல முடியாது, பதக்கத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அரை மணி நேரம் நல்லாத்தான் போச்சு. கையெல்லாம் மசாலா, பேச்சு முழுக்க பேஸ்பால். அப்பத்தான் எதிர்ல உக்காந்திருந்த அமோஸு வெண்டலுக்கு முன்னாடி இருந்த பேப்பரத் தலைகீழாப் படிக்க ஆரம்பிச்சாரு. பல் டாக்டருக்குத் தலைகீழாப் பாக்கறதெல்லாம் பழக்கம்தான. சும்மா படிச்சா பரவாயில்ல, மனுஷன் சத்தம் போட்டுப் படிக்கறாரு. அட, இது இங்க பக்கத்துல இருக்கற எடம்தான, அந்த ஒட்டுக் கேக்கற திட்டத்துக்குப் பேரு வேற வெச்சிருக்காங்க பாருங்கன்னு அந்தப் பேரையும் சொல்லிட்டாரு.

சுத்தியலெல்லாம் கீழ விழுந்துச்சு. அப்புறம் எல்லாரும் என்ன பண்ணாங்க? பாக்கக் கூடாதுல்ல? ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டாங்க. எந்தக் கையி? மசாலாவுல முழங்கை வரைக்கும் ஊறின கையி.

நான் உங்களுக்கு என்னன்னு சொல்றது தம்பி. இந்த நாட்டோட ரகசியத்தையெல்லாம் காக்கற கூட்டம் எங்க கொல்லைப்புறத்துல கண்ணப் பிடிச்சுட்டுக் குதிக்குது. ஒருத்தரு ரோஜாச் செடிக்குள்ள விழுந்தாரு. இன்னொருத்தரு பீர எடுத்துக் கண்ணுல ஊத்திக்கிட்டாரு. கிரெட்டாம்மா கண்ணு தெரியாமயே, யாரும் படிக்காதீங்க, இருக்கற எடத்துலயே இருங்கன்னு உத்தரவு போட்டுட்டே போய் வேலியில மோதினாங்க. நான் தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கற குழாயத் தொறந்து ஒவ்வொருத்தரு மூஞ்சியிலயா பீச்சினேன். அமோஸு மட்டும் என்னாச்சு என்னாச்சுன்னுட்டு, இன்னும் பத்து வரி படிச்சாரு. காரணம் கண்டுபிடிக்கறதுக்காகப் படிச்சாராம்.

வெண்டலா? அவரு... அவரு நண்டு சாப்பிட்டுட்டிருந்தாரு. அவரு மெதுவாத்தான் சாப்பிடுவாரு. ஒரு காலு விடாம நோண்டி எடுக்கற ரகம்.

அப்புறம்தான் கூத்தே. பேப்பர என்ன பண்றது? ரகசியக் காகிதத்தக் குப்பையில போடக் கூடாதாம். அனுமதி இருக்கறவங்கதான் தொடணுமாம், ஆனா அவங்க பாக்கக் கூடாதாம். என்னால எடுக்க முடியும், ஆனா எனக்கு அனுமதி இல்லியாம். பெட்ரோல் பங்க்ல அடுக்கி வெச்சிருக்கானே அம்மான்னு கேட்டேன். அது வேற விஷயம், இது எங்க கண்ணு முன்னாடி வந்துட்டுதுன்னு கிரெட்டாம்மா சொன்னாங்க. கடைசியில கண்ண மூடிக்கிட்டு நாலு பேரு நாலு மூலையப் பிடிச்சாங்க, இடது பக்கம் வலது பக்கம்னு நான் வழி சொன்னேன். அப்பப் பாத்தா நண்டு ஓட்டுல எழுத்து ஒட்டியிருக்கு. வெண்ணெயும் ஈரமும் பட்டதுல அச்சு அப்படியே ஏறிடுச்சு. அப்ப அந்த ஓடுங்களும் ரகசியம்தான்னுட்டாங்க. அதையும் பேப்பரோட மூட்டையாக் கட்டினாங்க. அதுக்கப்புறம் ஹாலிஸ் முழங்கையப் பாத்தா தலைப்புல பாதி அதுல இருக்கு. கிரெட்டாம்மா எலுமிச்சை வெச்சுத் தேய்ச்சு தேய்ச்சுப் பாத்தாங்க, போகல. கையில துண்டச் சுத்திக் காருல ஏத்தி விட்டோம்.

அந்த மூட்டை இன்னும் உங்க ஆபீஸ் பெட்டகத்துலதான் இருக்கா? ஆகஸ்ட் மாசத்துல. அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லியா. நீங்க உள்ள வந்தப்பவே ஒரு வாடை வந்துச்சு, கேட்டா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்.

ஆமா, சரிதான் நீங்க சொல்றது. மேசையில மத்த எடத்துலயெல்லாம் மளிகைக் கடை விளம்பரமும் விளையாட்டுப் பக்கமும்தான் இருந்துச்சு. அந்த ஒரு பக்கம் மட்டும்தான் அது. வீட்டுக்குப் பேப்பர் நின்னு அப்பவே மூணு வாரம் ஆச்சே, அது எப்படி வந்துதுன்னும் நீங்க கேக்கலாம். வெண்டலோட எடத்துக்கு நேரா எப்படி வந்துதுன்னும் கேக்கலாம். கேட்டுட்டீங்க. தெரிஞ்சே வெச்சிருந்தா அவரு பென்ஷன் போயிடும்னு சொல்றீங்க. அது எனக்குத் தெரியும் தம்பி. ஒரு வாரம் தூங்காம அதத்தான் யோசிச்சேன்.

அந்தக் கட்டுரையில கீழ ஒரு பத்தி இருக்கு. நீங்க படிச்சிருக்க மாட்டீங்க. பல வருஷத்துக்கு முன்னாடி உள்ள வேலை பாத்த ஒருத்தரு, இது நம்ம ஜனங்களோட போனு, இதக் கேக்கறது தப்புன்னு முறையா மேலதிகாரிகிட்ட எழுதிக் குடுத்தாராம். நிறுத்திட்டோம்னு அவர்கிட்ட சொல்லிட்டு, பேர மட்டும் மாத்தி நடத்திக்கிட்டே இருந்தாங்களாம். அவரு நம்பிட்டாராம். பேரு போடல.

எனக்குப் பேரு வேணுமா? அந்த வருஷம் வெண்டல் ராத்திரியெல்லாம் இந்த அடுப்படியில நடந்தாரு. சோறு எறங்கல. என்னன்னு கேட்டா வேலைன்னாரு. ஒருநாள் வந்து, ஹாலிஸ்கிட்ட சொன்னேன், சரியாயிடுச்சு, நிறுத்திட்டாங்கன்னாரு. என்னத்தன்னு நான் கேக்கல. அன்னிக்குத் தூங்கினவருதான். பத்திரிகையில தன்னப் பத்தி வந்திருக்கு, இந்த நாட்டுல அதப் படிக்கக் கூடாத ஆளு அவரு. அந்த ஹாலிஸ் செனட் கமிட்டிக்கு முன்னாடி போய், உள்ள யாருமே ஒரு வார்த்தை சொல்லல, சொல்லியிருந்தா கேட்டிருப்போம், அந்தப் பொண்ணு துரோகின்னு சொல்லப் போறான்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சு. அதச் சொல்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்து, என் நண்டத் தின்னு, என் புருஷன் தோள்ல கை போட்டு, பதக்கம்னு வேற சொல்றான். வயிறு எரியாதா எனக்கு?

நான்தான் விரிச்சேன். பழுப்புத் தாள எடுக்கலன்னா காரணம் அதுதான். அந்தப் பக்கத்த இஸ்திரி போட்டு, அந்தப் பத்தி அவரு பக்கமா மேல தெரியற மாதிரி வெச்சு, நாலு மூலைக்கும் டேப்பு ஒட்டினேன். அங்க மட்டும் ஒரு நண்டுகூட விழாமப் பாத்துக்கிட்டேன். நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நண்டுக்குப் பேப்பர் போட்டேன், அவ்வளவுதான்.

எல்லாரும் கண்ணப் பொத்திக்கிட்டுக் குதிச்சப்ப அவரு ஒருத்தருதான் பொத்திக்கல. உக்காந்து படிச்சாரு. முழுசாப் படிச்சு முடிச்சாரு. அப்புறம் கையத் தொடச்சுட்டு, ஹாலிஸப் பாத்தாரு. ஹாலிஸுக்கு அப்பக் கண்ணு தெரியல. அன்னைக்கு ராத்திரி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. உனக்கு எப்பத் தெரியும் அர்லீன்னு. மூணு வாரமாத் தெரியும்னேன். எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் உனக்குன்னாரு. இந்த மனுஷன வெச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்றது.

இல்ல, அழல. வெங்காயம் எதுவும் நறுக்கல, அழுதா அழுதேன்னே சொல்லிடுவேன்.

அவரு எங்கயா? வெளிய போயிருக்காருன்னு சொன்னேனே. காலையில நீலக் கோட்டப் போட்டுக்கிட்டு வாஷிங்டன் ரயில் ஏறினாரு. அந்த செனட் கமிட்டி முன்னாடி சொல்றது முறைதானாம், நாங்க போய்ப் பாத்த வக்கீலம்மா சட்டத்த எடுத்துக் காட்டிச்சு. முறையில்லன்னா அவரு போயிருக்கவே மாட்டாரு. நீங்க நேரா அவரப் பிடிச்சு ஸ்டேஷன்லயே உக்கார வெச்சுடுவீங்களோன்னுதான், நானும் கொஞ்சம் சாவகாசமாவே பேசிட்டிருந்தேன். கோவிச்சுக்காதீங்க.

அட, ஆபீஸுக்குப் போன் போடாதீங்க, நேரம் தாண்டிடுச்சு. பத்து மணிக்கு ஹாலிஸு கமிட்டியில பேச ஆரம்பிச்சிருப்பான், இந்நேரம் முடிச்சிருப்பான். இருங்க, டிவியப் போடறேன். அதோ, எங்க வெண்டல் வந்துட்டாரு பாருங்க, சத்தியம் பண்ண வலது கையத் தூக்கிட்டு நிக்கறாரு. டை கோணலாக் கட்டியிருக்காரு, காலையில சொன்னேன், கேக்கல. ஐயோ, நீங்க பாக்கக் கூடாதுல்ல? சரி, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, அவரு என்ன சொல்றாருன்னு நான் சொல்றேன்.

கேக்கவும் கூடாதா?